தனக்கோடியின் ஒன்பது பெட்டிகள்

சிட்லபாக்கத்தில் நான் வீடு கட்டியபோது பின்பக்கம் ஓர் அறையும் அதை ஒட்டி ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையும் போட்டேன். அறை வாடகைக்கு, கொட்டகை நான் வாங்கப்போகும் காருக்கு. அறைக்கு ஆள் வந்தது, கார் வரவில்லை. அரசாங்கத்தில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை பார்த்த மனிதர் காருக்குக் கொட்டகை போட்டாரே என்று என் மனைவி வேதா இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் கொட்டகையில்தான் தனக்கோடி தன் முதல் பெட்டியைச் செய்தாள்.

தனக்கோடியும் அவள் கணவன் ஜெயவேலுவும் 1986-இல் குடிவந்தார்கள். நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று, சத்தம் கூடாது. "எங்களாண்ட சத்தமே வராது சார்" என்று ஜெயவேலு ஊருக்கே கேட்கும்படி வாக்குக் கொடுத்தான். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

தனக்கோடி பீர்க்கன்கரணைக்காரி. ஏரிக்குக் கீழே அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அது மனைகளாகிப் போனபோது பணம் அண்ணன்மாருக்குப் போனது, இவளுக்கு ஒரு தையல் மிஷின் வந்தது. அதைப் பற்றி அவள் குறைசொல்லி நான் கேட்டதில்லை. அந்த மிஷினில் பழகிய கையோடு ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு குஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தவள், லாரிக்கும் வேனுக்கும் ரெக்சின் சீட் உறை தைத்தே பதினோரு வருஷம் ஓட்டியிருந்தாள். உலகத்தையே சீட் வழியாகத்தான் பார்ப்பாள். எங்களோடு ஒருமுறை பஸ்ஸில் வந்தபோது உட்காருவதற்கு முன் சீட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரெட்டைத் தையல் போட வேண்டிய எடத்துல ஒத்தத் தையல் போட்டுகிறான் பாருங்க வேதாக்கா" என்று முகம் சுளித்தாள். வேதாவும் ஏதோ புரிந்ததுபோல் முகம் சுளித்தாள்.

ஜெயவேலு பிக்கப் வண்டி ஓட்டினான். கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் ரோட்டோரம் பொன்னுரங்கம் என்பவருக்குச் சொந்தமான காலி மனையில் ஒன்பது பிக்கப்புகள் நிற்கும். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி. பொன்னுரங்கம் ஒரு காலத்தில் அந்த இடத்தில் நெல் நட்டவர், இப்போது வண்டிகளை நிறுத்தியிருந்தார். அவருக்குச் சொந்தமாக மூன்று வண்டிகள். ஜெயவேலு அதில் ஒன்றை ஓட்டினான். ஸ்டாண்டில் அவர் சொன்னதுதான் சட்டம்.

பிக்கப்பில் முன்பக்கம் இடம் எவ்வளவு இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். டிரைவர், பக்கத்தில் லோடுக்கு உரியவர், சில சமயம் அவர் மச்சான். காலை நீட்ட முடியாது. ஜாக்கி, ஸ்பானர், கயிறு, டீசல் துணி, சாப்பாட்டுத் தூக்கு, வண்டியின் காகிதங்கள் எல்லாம் சீட்டுக்கு அடியில் ஒன்றோடொன்று உருண்டுகொண்டு கிடக்கும். வண்டி பிரேக் போட்டால் ஜாக்கி முன்னால் வந்து காலை இடிக்கும். ஏறினால் தூக்கு பின்னால் ஓடும்.

"சாம்பார் சாதத்துல டீசல் வாசன வருது. ரொம்ப பேஜாரா கீது" என்று ஒரு சாயங்காலம் ஜெயவேலு தூக்கைக் கழுவப் போட்டான்.

"துன்னு முடிச்சப்புறந்தான் வாசன தெரிஞ்சிதா?" என்றாள் தனக்கோடி.

"பசி. இன்னா பண்றது?"

குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் சீட்டுக்கு அடியில் இரும்புத் தகட்டுப் பெட்டி வைத்துக் கொடுப்பார்கள். முந்நூற்றைம்பது ரூபாய். அந்த விலையைக் கேட்டுத்தான் ஸ்டாண்டில் மற்ற எட்டு டிரைவர்களும் டீசல் வாசனைக்குப் பழகியிருந்தார்கள். தனக்கோடி பழகத் தயாராயில்லை. அடுத்த ஞாயிறு மளிகைக்கடையிலிருந்து காலி எண்ணெய் டின்கள் நாலு வாங்கிவந்தாள். அவற்றை வெட்டி, விரித்து, என் கொட்டகையில் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டித் தட்டையாக்கினாள். நான் பேப்பரை வீசிவிட்டுத் திட்டுவதற்காகவே எழுந்து போனேன்.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த முனையை அழுத்திப் புடிங்க" என்றாள்.

பிடித்தேன். என்ன செய்வது, அவள் கேட்ட விதம் அப்படி. ஒரு மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பாக்கிங் மரக் கட்டையில் சட்டம் அடித்து அதன்மேல் தகட்டைப் போர்த்தினாள். உள்ளே குஷன் கடையில் மிஞ்சிய ரெக்சின் துண்டுகளை ஒட்டினாள், தூக்கு ஆடாமல் நிற்க. நடுவில் ஒரு தடுப்பு, ஒரு பக்கம் சாப்பாடு, மறுபக்கம் சாமான். கீலுக்குக் காசு செலவழிக்கவில்லை. பெட்டியின் விளிம்பிலும் மூடியின் விளிம்பிலும் தகட்டைச் சுருட்டிக் குழலாக்கி, அதற்குள் பழைய சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றைச் செருகிவிட்டாள். மூடி சுகமாகத் திறந்து மூடியது. மொத்தச் செலவு நாற்பது ரூபாய்க்குள்.

அளவு எடுத்த விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஜெயவேலுவை டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் கையில் இட்லித் தட்டைக் கொடுத்தாள். அவன் தின்றுகொண்டிருக்கும்போது கதவுப் பக்கமாகக் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். "ஒரு சாணு, அதுல ஒரு விரக்கடை கம்மி" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவ்வளவுதான். முப்பது வருஷம் ஸ்கேலும் செட்ஸ்கொயருமாக வாழ்ந்தவன் நான். சாண் என்பதெல்லாம் ஓர் அளவா என்று வேதாவிடம் அன்று முழுக்கப் பொருமினேன்.

ஆனால் பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. ஜெயவேலு அதைத் திறந்து மூடித் திறந்து மூடி ஸ்டாண்டில் எல்லோருக்கும் காட்டினான். டிரைவர்கள் சாப்பாட்டை மோந்து பார்த்தார்கள். டீசல் வாசனை இல்லை. சாம்பார் வாசனையும் அதிகம் இல்லை என்று ஒருவன் சொன்னானாம், அது தனக்கோடியின் சமையலைப் பற்றிய விஷயம்.

இரண்டு வருஷம் அந்த ஒரு பெட்டி அப்படியே ஓடியது. 1988 புரட்டாசியில் பொன்னுரங்கம் ஒரு புது வண்டிக்குச் சொல்லிவைத்தார். கூடவே ஜெயவேலு வழியாகத் தனக்கோடிக்கும் ஒரு சேதி சொல்லி அனுப்பினார். பழைய வண்டி ஒன்றை விற்றுவிட்டுப் புதுசை நிறுத்தப்போகிறார், ஆக ஒன்பது வண்டிக்கும் ஒரே மாதிரிப் பெட்டி வேண்டும், இன்னும் கொஞ்சம் பெரிசாக. ஆயுத பூஜை அன்று பூஜைக்கு முன்னால் எல்லாப் பெட்டியும் வண்டியில் இருக்க வேண்டும். நன்றாக அமைந்தால் ஸ்டாண்டின் ரோட்டோர மூலையில் பத்தடி இடம் அவளுக்குக் கடை போட. அமையாவிட்டால் அந்த மூலையைக் கேட்டு நடையாய் நடக்கும் குரோம்பேட்டை பட்டறைக்காரருக்கு.

தனக்கோடி அன்று சாயங்காலம் எங்கள் சமையலறை வாசலில் நின்று வேதாவிடம் இதைச் சொன்னாள். ரோட்டைப் பார்த்த கடை. தன் பேரில். பதிமூன்று வருஷமாக இன்னொருத்தர் கடையில் முதுகு வளைத்தவளுக்கு அது என்ன என்று எனக்கு அப்போது முழுசாக விளங்கவில்லை. வேதாவுக்கு விளங்கியது. "போய் எழுதிக் கொடுத்துட்டு வா, வேலையை விடறேன்னு" என்றாள்.

தனக்கோடி எழுதியெல்லாம் கொடுக்கவில்லை, வாயால் சொன்னாள். குஷன் கடை முதலாளி, "போயிட்டுத் திரும்பி வந்தா மிஷின்ல குந்த முடியாது. நூல் சுத்தத்தான் ஆள் எடுப்பேன்" என்றாராம். அதையும் கேட்டுக்கொண்டுதான் வந்தாள்.

இப்போது என் பங்கு வருகிறது. சொல்லத்தான் வேண்டும்.

"தனக்கோடி, ஒன்பது பெட்டின்னா கைக்கணக்கு உதவாது. நான் அளந்து டிராயிங் போட்டுத் தரேன்" என்றேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். ஒரு டிராஃப்ட்ஸ்மேன் தன் பெட்டிக்குப் படம் போடுகிறார் என்று ஜெயவேலு ஸ்டாண்டில் தண்டோரா போட்டுவிட்டான்.

புது வண்டி ஷோரூமிலிருந்து வந்த அன்றே நான் போனேன். அளந்தால் புதுசைத்தான் அளப்பது, பழைய வண்டிகளில் சீட் எல்லாம் அமுங்கிக் கோணிப்பை சொருகிக் கிடந்தன. ஒன்பது டிரைவர்களும் சுற்றி நின்றார்கள். வண்டிக்கு இன்னும் கோயில் பூஜை ஆகவில்லை. பொன்னுரங்கம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஓட்டிவந்திருந்தார், பக்கத்து சீட்டில் மாலை போட்ட முருகன் படம். பூஜை ஆகிறவரை அந்தச் சீட்டில் வேறு யாரும் உட்காரக் கூடாது. படத்தை எடுக்கவும் கூடாது, சீட்டைத் தூக்கவும் கூடாது.

"பரவாயில்லை, கதவுப் பக்கத்திலிருந்தே அளந்துடலாம்" என்றேன். மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு, ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தினேன். ஒன்பதே கால் அங்குலம். தனக்கோடியின் பழைய பெட்டி ஏழுதான். "பார்த்தீங்களா? ரெண்டு அங்குலம் சும்மா கெடக்கு. கைக்கணக்குன்னா இப்படித்தான்" என்று எழுந்து நின்று ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். டிரைவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள்.

டிரேசிங் பேப்பரில் மூன்று கோணத்தில் படம் போட்டேன். அடிப்பெட்டி அவள் செய்த உயரமே. மூடியை மட்டும் டிரங்குப் பெட்டி மூடி மாதிரி இரண்டு அங்குலம் மேலே எழும்பவிட்டேன், மடித்த தார்ப்பாய்க்கு இடம் கிடைக்குமென்று. தனக்கோடி படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"சீட்டு மேல யார் சார் உக்காந்திருந்தாங்க, அளக்கசொல்ல?"

"முருகனே உட்கார்ந்திருந்தார்" என்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுச் சிரித்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

மூன்று வாரம் என் கொட்டகையில் நடந்த சத்தத்தைப் பற்றி அண்டை வீட்டார் இன்னும் பேசுகிறார்கள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் ஒன்பதாவது பெட்டி முடிந்தது. பச்சை பெயின்ட், மூடியில் வண்டி நம்பர். வரிசையாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்து வேதா, "கல்யாணச் சீர் மாதிரி இருக்கு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, என் டிராயிங் அல்லவா.

மறுநாள் விடிந்ததும் தனக்கோடி குளித்துவிட்டுத் தன் சுத்தி, தகடு வெட்டும் கத்தரி, குறடு, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டாள். வேலைதான் முடிந்துவிட்டதே. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை போட்டுத்தான் எடுக்க வேண்டும், அதுவரை கை படக் கூடாது. பிறகு ஜெயவேலுவின் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனோம். நானும் வேதாவும் முன்னால், அவர்கள் சாமானோடு பின்னால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் ஜெயவேலுவும் வேதாவும் தனக்கோடியும் முன்னால், நான் பின்னால் பெட்டிகளோடு.

ஸ்டாண்டு ஜொலித்தது. கழுவித் துடைத்த ஒன்பது வண்டிகள், ஒவ்வொன்றுக்கும் வாழைக்கன்று, தோரணம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஒவ்வொரு வண்டிக்கு முன்னாலும் அதன் ஜாக்கி, ஸ்பானர், லீவர் எல்லாம் வாழையிலையில் சந்தனப் பொட்டோடு வரிசையாக இருந்தன. கற்பூரம் காட்ட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. குரோம்பேட்டை பட்டறைக்காரரும் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார், பூஜைக்கு வந்ததாகச் சொன்னார்.

பெட்டிகள் ஒவ்வொன்றாகச் சீட்டுக்கு அடியில் போயின. சீட்டை இறக்கினால் இடுக்கில் ஒரு கால் அங்குலம்தான் மிச்சம். அப்படிப் பொருந்தியது. டிரைவர்கள் விசில் அடித்தார்கள். நான் வேதாவைப் பார்த்தேன்.

"எவனாவது குந்திப் பாருங்கடா" என்றார் பொன்னுரங்கம்.

ஜெயவேலு தாவி ஏறித் தன் வண்டியின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான்.

டமார் என்று ஒரு சத்தம். சீட் அமுங்கிப் பெட்டி மூடிமேல் இடித்தது, இடித்து அந்தப் பக்கம் சாய்ந்தது, ஜெயவேலு கதவில் போய் மோதினான். சுதாரித்து இந்தப் பக்கம் சாய்ந்தான், அதுவும் கூடவே சாய்ந்தது. குழந்தைகள் ஏறும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி ஆடினான். இன்னொருவன் அடுத்த வண்டியில் உட்கார்ந்தான், டமார். ஒன்பது வண்டியிலும் டமார். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. சீட்டுக்குள் ஸ்பிரிங் இருக்கிறது. ஆள் உட்கார்ந்தால் இரண்டு அங்குலம் அமுங்கும். முருகன் படத்துக்கு எடை கிடையாது. தனக்கோடி புருஷனுக்கு இட்லி கொடுத்து உட்காரவைத்து அளந்தாளே, அது இதற்குத்தான். அதைக் கேலி செய்தவன் நான்.

"இன்னாம்மா இது?" என்றார் பொன்னுரங்கம். கோபமாகக்கூட இல்லை, ஏமாந்துபோன குரல். "அளவு எடுத்தது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஆனால் ஒன்பது டிரைவர்களும் பட்டறைக்காரரும் வேதாவும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முப்பது வருஷ சர்வீஸ் குறுக்கே வந்து நின்றது.

"நான்தாண்ணா எடுத்தேன்" என்றாள் தனக்கோடி. "ஆள் உக்காந்தா அமுங்கும்னு யோசிக்காம வுட்டுட்டேன். என் தப்புதான்."

நான் வாயை மூடிக்கொண்டேன். அன்று என்னைப் பற்றி எனக்கு உண்டான அருவருப்பை எழுதுவதற்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பட்டறைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "டின் தகடுல்ல, அப்படித்தான் இருக்கும். தட்டி இறக்கணும்னாலும் இன்னைக்கு யாரும் சுத்தியத் தொட முடியாது. நான் வேணா நாளைக்கு வந்து..."

"சுத்தி என்ன, கொட்டகையில்தானே இருக்கு, நான் போய் எடுத்துட்டு வரேன். சாமி ஒண்ணும் சொல்லாது" என்று நான் அவசரப்பட்டேன். குற்றம் செய்தவனின் அவசரம்.

தனக்கோடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வேணா சார். பூஜையில வச்சது வச்சதுதான்." அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. விழவில்லை.

அவள் ஜெயவேலுவை இறங்கச் சொல்லிவிட்டு வண்டியின் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். பெட்டியை வெளியே இழுத்தாள். திறந்தாள், மூடினாள், மூடியைத் தடவினாள். எல்லோரும் கற்பூர நேரத்தை நினைத்து மணிக்கட்டைப் பார்த்தார்கள். பொன்னுரங்கம் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கடவுள் நம்பிக்கை அதிகம் இல்லாதவன், அன்று புது வண்டிக்கு முன்னால் வைத்திருந்த அந்த மாலை போட்ட முருகன் படத்தைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சினேன்.

தனக்கோடி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். கீலில் இருந்த போக்ஸ் கம்பியின் வளைந்த முனையைப் பிடித்து ஓர் இழுப்பு. கம்பி கையோடு வந்துவிட்டது. மூடி தனியாகக் கழன்று மடியில் விழுந்தது. மூடி இல்லாத பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளினாள்.

"குந்து" என்றாள் கணவனிடம்.

ஜெயவேலு முருகா முருகா என்று மெதுவாக உட்கார்ந்தான். சத்தம் இல்லை. ஆடிக் காட்டினான். சீட் ஆடவில்லை.

"இறங்காதே. அப்டியே குந்திகினு இரு" என்று சொல்லிவிட்டுத் தனக்கோடி கதவுப் பக்கமிருந்து பெட்டியை இழுத்தாள். மேசை டிராயர் போல வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில் சட்டமாகப் போட்ட கட்டைதான் வழுக்கவிட்டது. தள்ளினாள், உள்ளே போனது. மூடி எதற்கு? சீட்டே மூடி.

ஸ்டாண்டு ஒரு நிமிஷம் யோசித்தது. அதுவரை பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிறவரை இறக்கிச் சீட்டைத் தூக்க வேண்டும். லோடுக்குச் சொந்தக்காரரை நடுரோட்டில் இறங்கச் சொன்னால் முறைப்பார். இப்போது யாரும் இறங்க வேண்டாம், கதவைத் திறந்து இழுத்தால் போதும்.

"எம்மா!" என்றார் ஒரு டிரைவர். "மாமனாரே குந்தினு இருந்தாகூட ஸ்பானர் எடுக்கலாம்டா!"

அவ்வளவுதான், மற்ற எட்டு டிரைவர்களும் அவரவர் வண்டிக்கு ஓடினார்கள். கம்பியை அவரவரே கையால் உருவினார்கள். சுத்தியும் குறடும் சந்தனப் பொட்டோடு என் கொட்டகையில் சும்மா இருந்தன. கால் மணி நேரத்தில் ஒன்பது பெட்டியும் உள்ளே. மிச்சம் ஒன்பது பச்சை மூடி. அவற்றைக் கவிழ்த்துப் போட்டால் நல்ல ஆழமான தட்டு, என் இரண்டு அங்குலம். வேதாதான் முதலில் ஒன்றை எடுத்துக் கழுவி அதில் பொரியும் கடலையும் வெல்லமும் கொட்டினாள். கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, ஸ்டாண்டே என் டிராயிங்கிலிருந்து பொரி தின்றது. நானும் தின்றேன்.

பட்டறைக்காரர் ஒரு பிடி பொரி வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பொன்னுரங்கம் மூலை இடத்தைக் காலால் அளந்து நாலு மூலையிலும் கல் போட்டார்.

அதற்கு அப்புறம் இரண்டு வாரம் நான் ஸ்டாண்டு வழியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். தலையை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன், அவளே தன் தப்பு என்று சொல்லிவிட்டாளே, எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள் என்று நினைப்பு. கடைக்குக் கீற்று போடும்போது நின்று யோசனைகூடச் சொன்னேன், வாசலை இந்தப் பக்கம் வை, அந்தப் பக்கம் வை என்று. டிரைவர்கள் எப்போதும்போல் "ஆமா சார், சரி சார்" என்றார்கள். ராத்திரி சாப்பாடு மட்டும் செல்லவில்லை. வேதா ஒரு நாள், "இப்படியே எத்தனை நாள்?" என்று கேட்டாள். அது போதுமானதாக இருந்தது.

மறுநாள் காலை நேரே பொன்னுரங்கத்திடம் போனேன். அவர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன், அன்றைக்கு அளவு எடுத்தது நான், தனக்கோடி இல்லை, அவள் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னாள் என்று.

அவர் டீயை ஆற்றிக் குடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், என் வண்டிக்குள்ள தலைய வுட்டுகினு நீங்க அளந்தப்ப நான் பக்கத்துலதான நின்னுகினு இருந்தேன்? மொத்த ஸ்டாண்டும் நின்னுச்சே."

எனக்குத் தலையில் தண்ணீர் கொட்டியதுபோல் ஆயிற்று. "அப்ப... யார் அளந்ததுன்னு கேட்டீங்களே?"

"நீங்க சொல்லுவீங்கன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு முந்திக்கிச்சு." கிளாஸைக் கீழே வைத்தார். "அதுவே சொல்லாதப்ப நாங்க இன்னாத்துக்கு சார் சொல்லணும்?"

இரண்டு வாரம் என் நிமிர்ந்த தலையைப் பார்த்து, என் வாசல் யோசனைகளைக் கேட்டு, ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. படிக்காதவர்கள் என்று நான் மனசுக்குள் ஒதுக்கிவைத்த ஒன்பது பேர். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்தது. டீக்கடைக்காரர் புகை என்று நினைத்துக்கொண்டு அடுப்பை விசிறினார்.

அங்கிருந்து தனக்கோடியிடம் போனேன். புதுக் கீற்றுக்குக் கீழே ஒரு பிக்கப் நின்றது, படப்பையிலிருந்து காய்கறி ஏற்றும் வண்டி, அவளுடைய முதல் வெளி ஆர்டர். பொன்னுரங்கத்திடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

"ஐயோ, எதுக்கு சார்?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரி. சொல்ட்டீங்கள்ல. ஏறி உக்காருங்க."

"எங்கே?"

"சீட்டுல. அளக்கணும். அவரு லோடுக்குப் போய்ட்டாரு, எனக்கு ஆள் வேணும்."

ஏறி உட்கார்ந்தேன். அவள் கதவோரம் குனிந்து டேப்பை விட்டாள். சாணுக்குப் பதில் டேப், அதை நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அவளே வாங்கியிருந்தாள். "வெறச்சிகினு குந்தாதீங்க சார். சாப்ட்டு முடிச்ச ஆளு மாரி சாஞ்சி குந்துங்க." சாய்ந்தேன். அறுபத்தெட்டு கிலோ. ஏழு அங்குலம்.

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. ஆபீஸ் போகும் முன், ஞாயிற்றுக்கிழமை, 1993-இல் ரிட்டயர் ஆனபிறகு தினமும். கூடுவாஞ்சேரியிலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்தன. புதுப்புது மாடல்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சீட். கீற்று போய்த் தகரம் வந்தது, தகரம் போய்த் தளம் வந்தது. தையல் மிஷினில் உட்கார இரண்டு பெண்களை வைத்தாள், இருவருக்கும் நல்ல நாற்காலி போட்டாள். இரும்புப் பட்டறையில் விலை ஆயிரத்தைத் தாண்டியபோதும் அவளிடம் நூற்றைம்பதுதான். டின்னுக்குப் பதில் நல்ல தகடு வந்தது, ரெக்சின் மாறவில்லை. மூடி போட்ட பெட்டி அவள் அதன்பின் செய்ததே இல்லை.

போன மாதம், அதாவது 1997 ஆவணியில், ஓர் ஆள் மறைமலைநகர்ப் பக்கமிருந்து புது பிக்கப்போடு வந்தார். வசதியானவர், கையில் பேஜர். நான் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன், தனக்கோடி கீழே குனிந்திருந்தாள். அவர் சிறிது நேரம் பார்த்தார். வேட்டி கட்டிய ஒரு கிழவன் தன் வண்டிச் சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"இவரு யாரும்மா?" என்று கேட்டார்.

தனக்கோடி கீழிருந்து தலையை வெளியே எடுத்தாள். நெற்றியில் கிரீஸ். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவரிடம், "சார் பெரிய டிராஃப்ட்ஸ்மேன். எங்க கடைக்கு அளவெல்லாம் சார்தான் எடுக்கறாரு" என்றாள்.

எனக்காக அவள் சொன்ன இரண்டாவது பொய் அது. நான் மறுப்பதற்குள் அவள் மறுபடி சீட்டுக்கு அடியில் போய்விட்டாள். "சார், மூச்சை வுடுங்க, அமுங்கவே மாட்டேங்குது" என்று கீழிருந்து குரல் வந்தது.